97.8 எப்படி 89.4 ஆனது: சென்னையில் என்எம்ஆர் பரிசோதனைச் சேவை, ஒரு வாடிக்கையாளரின் மதிப்புரை

அம்பத்தூரில் ஒரு சிறு கூடம் வைத்து, மூலிகைச் சாற்றுத் தூள்களை மொத்தமாக வாங்கி, கேப்சூல்களில் அடைத்து, நாட்டு மருந்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழிலைச் செய்து வருகிறேன். டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்ற கேள்வி, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறை சரக்கு இறங்கும்போதும் எழும். அந்தக் கேள்விக்கு விடை தேடி, சென்னையிலேயே இரண்டு இடங்களில் என்எம்ஆர் பரிசோதனை செய்து பார்த்தேன். ஒன்று தென்சென்னையில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் கருவிக்கூடம்; மற்றொன்று வீட்டு வாசலுக்கே வந்து மாதிரியை வாங்கிச் செல்லும் தனியார் ஆய்வகம். இரண்டின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஓர் இடத்தில் நேர்ந்த தவறு யாருக்கும் நேரக்கூடியது. அதைப் புரிந்துகொள்வதுதான் இந்தச் சேவைக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

என்எம்ஆர் என்பதைத் தமிழில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்கிறோம். மருத்துவமனைகளில் எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனின் மூத்த உறவு இது. 1946-இல் ஃபீலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியாக இதைச் செய்துகாட்டி, 1952-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வலுவான காந்தப்புலத்துக்குள் மாதிரியை இறக்கி, ரேடியோ அலையைத் துடிப்பாகச் செலுத்தினால், அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தாம் மூலக்கூறில் எந்த இடத்தில் அமர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துச் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்கள் வரைபடத்தில் பீக்குகளாக, அதாவது முகடுகளாக, விழுகின்றன. ஒரு பீக்கின் கீழுள்ள பரப்பு அதைத் தந்த ஹைட்ரஜன்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே என்னைப் போன்ற வியாபாரிக்கு முக்கியமான செய்தி. எடை தெரிந்த வேறொரு தூய பொருளை மாதிரியோடு சேர்த்துக் கரைத்துவிட்டால், இரண்டின் பரப்பையும் ஒப்பிட்டு, மாதிரியில் நமக்கு வேண்டிய பொருள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

கரைசலிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி இருக்கும்போது இது எதற்கு என்று என் கணக்காளர் கேட்டார்; கேட்பது அவர் வேலை. எச்பிஎல்சியில் ஒவ்வொரு பொருளையும் அளக்க அந்தந்தப் பொருளின் தரமாதிரி வேண்டும். மூலிகைகளில் பலவற்றுக்குத் தரமாதிரி எளிதில் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் விலை மில்லிகிராம் கணக்கில் இருக்கும். மேலும், புற ஊதா ஒளியை உட்கொள்ளாத சர்க்கரையோ கொழுப்போ கரைப்பான் எச்சமோ அதில் வழக்கமாக வைக்கும் புற ஊதா உணர்கருவியின் கண்ணில் படாமலே போய்விடும். என்எம்ஆரில் மலேயிக் அமிலம் போன்ற ஒரே ஒரு தரப்பொருளை வைத்துக்கொண்டு, கரையும் தன்மையும் ஹைட்ரஜனும் உள்ள எதையும், அதன் பீக் பிறவற்றோடு கலக்காத வரை, அளக்க முடியும்.

முதலில் கருவிக்கூடத்துக்குப் போனேன். படிவத்தில் 'பரிசோதனையின் நோக்கம்' என்ற இடத்தில் 'மருந்தின் தரம் பார்க்க' என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த மூத்த தொழில்நுட்பர் அதை வாசித்துவிட்டுப் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "மேடம், நல்லதா கெட்டதான்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன தெரியணும்னு எழுதுங்க, அதுக்கு ஏத்த மாதிரி போட்டுத் தரேன்" என்றார். நான் செலவழித்த பணத்தில் மிகுந்த பலன் தந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு அவர்கள் கட்டணம் வாங்கவில்லை.

கைப்பையையும் ஏடிஎம் அட்டையையும் கைக்கடிகாரத்தையும் வெளியே மேசையில் வைக்கச் சொல்லி, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்ட பிறகே உள்ளே அழைத்துச் சென்றார்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் வெள்ளை உருளை அது. உள்ளே காந்தச்சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் 9.4 டெஸ்லா காந்தப்புலம். பென்சிலைவிட மெல்லிய, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் ஏறத்தாழ 0.6 மில்லிலிட்டர் கரைசலை ஊற்றி, அதை உருளையின் உச்சியில் வைத்தார் ஓர் ஆய்வு மாணவி. கீழிருந்து ஊதும் காற்றின் மேல் குழாய் ஒரு நொடி மிதந்து நின்றது. காற்றைக் குறைத்ததும் மெல்ல உள்ளே இறங்கி மறைந்தது. பத்து மில்லிகிராம் தூள் போதும் என்பதும், வேண்டுமானால் அதைத் திரும்பப் பெறலாம் என்பதும் எனக்குப் புதிய செய்தி.

அன்று நான் கேட்டது மஞ்சள் சாற்றைப் பற்றி. ஆனால் கருவிக்கூடத்தில் ஹீலியம் நிரப்பும் வேலையும் ஆய்வு மாணவர்களின் வரிசையும் சேர்ந்து, முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சரக்கை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டிய நிலையில் இருந்த நான், அதே டிரம்மிலிருந்து எடுத்த இன்னொரு மாதிரியைத் தனியார் ஆய்வகத்துக்கும் கொடுத்தேன். நான்காம் நாளே மின்னஞ்சலில் வழுவழுப்பான பிடிஎஃப் அறிக்கை வந்தது: மஞ்சளின் முக்கியப் பொருள்களான குர்குமினாய்டுகள் மொத்தம் 97.8 சதவீதம். சீட்டில் எழுதியிருந்ததோ 95. மகிழ்ச்சியில் அந்த அறிக்கையை அப்படியே சரக்கு தந்த வணிகருக்கு அனுப்பி, அடுத்த சரக்குக்கும் சொல்லிவிட்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்துக் கருவிக்கூடத்திலிருந்து வந்த எண் 89.4.

எட்டுப் புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு. இரண்டுமே 400 மெகாஹெர்ட்ஸ் கருவிகள், இரண்டிலும் மலேயிக் அமிலமே தரப்பொருள், கரைப்பானும் ஒன்றே. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கருவிக்கூடத் தொழில்நுட்பரிடம் தனியார் அறிக்கையைக் காட்டியபோது, அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அளவீட்டு விவரங்களுக்கு நேரே போனார். இரண்டு துடிப்புகளுக்கு இடையில் விட்ட இடைவெளி 1 வினாடி என்று அங்கே இருந்தது.

அதன் பொருளை அவர் ஊற்றுக் கிணற்றை வைத்து விளக்கினார். ஒரு முறை இறைத்த பிறகு ஊற்று ஊறி நிரம்ப நேரம் வேண்டும். நிரம்பும் முன்னே மறுபடி இறைத்தால் வாளியில் குறைவாகத்தான் வரும். துடிப்பு வாங்கிய அணுக்கருக்களும் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரம் மூலக்கூறுக்கு மூலக்கூறு, ஏன், ஒரே மூலக்கூறில் இடத்துக்கு இடம்கூட மாறும். மலேயிக் அமிலத்தில் அளவிடப் பயன்படும் இரண்டு ஹைட்ரஜன்களும் அக்கம்பக்கத்தில் துணை அதிகம் இல்லாதவை. மெதுவாக ஊறும் கிணறு. குர்குமினின் ஹைட்ரஜன்கள் அதைவிட விரைவாக ஊறுபவை. ஒரு வினாடிக்கு ஒரு முறை இறைத்தால் தரப்பொருளின் பரப்பு உண்மையைவிடச் சிறுத்துவிடும். அதை அளவுகோலாக வைத்துக் கணக்கிடும்போது மாதிரி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு மூலக்கூறின் அமைப்பை மட்டும் பார்க்க விரும்பும் வேதியியல் மாணவருக்கு அந்த ஒரு வினாடி இடைவெளி முற்றிலும் போதும். அந்த வழக்கமான அமைப்பிலேயே என் மாதிரியையும் ஓட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் அளவறி பரிசோதனைக்கு, இருப்பவற்றில் மிக மெதுவாக ஊறும் ஹைட்ரஜனின் தளர்வு நேரத்தைப்போல் (அது பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தைக் காட்டும் நேரம்) ஐந்து மடங்காவது காத்திருக்க வேண்டும்; கவனமானவர்கள் ஏழு மடங்கு காத்திருப்பார்கள். கருவிக்கூடத்தில் 60 வினாடி விட்டு 32 முறை எடுத்திருந்தார்கள். ஒரு மாதிரிக்கு அரை மணி நேரத்துக்கு மேல். எடை போட்ட தராசும் ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டுவது. பத்து மில்லிகிராமை, 0.1 மில்லிகிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் நிறுத்தால் அங்கேயே ஒரு சதவீதம் போய்விடும் என்பது நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. தனியார் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அங்கிருந்த வேதியியலாளர் வாதாடாமல் கேட்டுக்கொண்டு, கட்டணமின்றி மறுபடி ஓட்டினார். 89.9 வந்தது. இந்த முறையில் ஓரிரு சதவீத வேறுபாடு இயல்பு என்பதால், இரண்டு இடத்து எண்களும் ஒத்துப்போய்விட்டன என்றே கொள்ளலாம். அவர்கள் நேர்மைக்கு முழு மதிப்பெண். முதல் அறிக்கையை யாரும் சரிபார்க்காமல் கையெழுத்திட்டதற்குப் பாதியைக் கழித்துக்கொள்கிறேன்.

எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்தபோது கிடைத்தவை இன்னும் சுவையானவை. வெளியே பெய்த ஐப்பசி மழையின் ஈரத்தை டிஎம்எஸ்ஓ கரைப்பான் உறிஞ்சிக்கொண்டதன் அடையாளமாக 3.33 பிபிஎம்மில் (இங்கே பிபிஎம் என்பது வரைபடத்தில் பீக் நிற்கும் இடத்தைக் குறிக்கும் அலகு) தண்ணீர் பீக் தடித்துக் கிடந்தது. சென்னையில் இது தவிர்க்க முடியாதது என்றார் அந்த மாணவி. 3.84-இல் குர்குமினின் மெத்தாக்சி ஹைட்ரஜன்கள். 6.76 அருகே இரட்டைக் கோடு ஒன்று. அதன் இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரம் 16 ஹெர்ட்ஸ் இருப்பதால், அங்குள்ள இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ் வடிவில், அதாவது இரு ஹைட்ரஜன்களும் எதிரெதிர்ப் பக்கத்தில், இருக்கிறது என்று தெரிகிறது. 3.84-இன் பரப்பை 6.76-இன் பரப்பால் வகுத்துப் பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மஞ்சளில் குர்குமின், டிமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின் என்று மூன்று உடன்பிறப்புகள் சேர்ந்தே இருக்கும். முதலாவதில் மெத்தாக்சி ஹைட்ரஜன் ஆறு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஒன்றுமில்லை, ஆனால் 6.76 பக்கத்து ஹைட்ரஜன் மூன்றிலும் இரண்டிரண்டு. எனவே தனிக் குர்குமினாக இருந்தால் விகிதம் மூன்று வர வேண்டும். மஞ்சளிலிருந்து எடுத்த வழக்கமான சாற்றில் உடன்பிறப்புகள் இழுப்பதால் அது 2.6 போன்ற இடத்துக்கு இறங்கும். ஆலையில் தொகுத்த செயற்கைக் குர்குமினை மஞ்சள் சாறு என்று விற்றால் விகிதம் மூன்றைத் தொட்டு நிற்கும். என்னுடையது 2.6-ஐ ஒட்டி வந்தது. அளவு குறைவாக இருந்தாலும் சரக்கு மஞ்சள்தான் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். செயற்கைப் பொருளில் மூன்றையும் திட்டமிட்டுக் கலந்து வைத்தால் இந்தக் கணக்கும் ஏமாறும். அப்போது, பொருள் செடியிலிருந்து வந்ததா பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்று காட்டும் கார்பன்-14 பரிசோதனைக்குத்தான் போக வேண்டும்.

மீதி எங்கே போனது என்பதற்கும் வரைபடமே ஓரளவு விடை சொன்னது. 1.17, 1.99, 4.03 ஆகிய மூன்று இடங்களில் சிறிய, கூர்மையான பீக்குகள் இருந்தன. அவை எத்தில் அசிட்டேட்டின் கையெழுத்து. சாறு எடுக்கப் பயன்படுத்திய கரைப்பானை முழுதாக ஓட்டாமல் விட்டிருக்கிறார்கள். பரப்பைக் கணக்கிட்டால் ஒரு சதவீதத்துக்கு மேல். மருந்துகளில் எத்தில் அசிட்டேட் எச்சத்துக்குச் சர்வதேச வழிகாட்டுதலின் பொது வரம்பு 5,000 பிபிஎம் (இங்கே பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அதாவது அரை சதவீதம். யாரும் கேட்காமலே இந்தச் செய்தி வெளிவந்தது. எச்பிஎல்சி அறிக்கையை மட்டும் வாங்கியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்படிக் கேட்காததையும் காட்டும் தன்மை பெரிய மருந்துலகத்திலும் கைகொடுத்தது. 2008-இல் அமெரிக்காவில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பெற்றவர்கள் சிலர் திடீர் ஒவ்வாமையாலும் இரத்த அழுத்த வீழ்ச்சியாலும் இறந்தபோது, அன்றைய வழக்கமான சோதனைகளில் மருந்து தேறிக்கொண்டே இருந்தது. மிகையாகச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்டின் சல்பேட் என்ற மலிவான பொருள் அதில் கலந்திருந்தது. அது ஹெப்பாரினைப் போலவே நடித்தது. என்எம்ஆரில் ஹெப்பாரினின் பீக் 2.04 அருகே நிற்க, கலப்படத்தின் பீக் 2.15 அருகே தனியாகத் தலைகாட்டிவிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துத் தர நூலான யுஎஸ்பி ஹெப்பாரினுக்கு இந்தச் சோதனையைச் சேர்த்துக்கொண்டது.

தேன் விஷயத்தில் எனக்கு இவ்வளவு திருப்தி இல்லை. சூரணத்தோடு கொடுக்கத் தேன் தேவைப்படுவதால், ராசப்ப செட்டித் தெருவில் வாங்கிய ஒரு புட்டியையும் தனியார் ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். வரைபடத்துடன் 'தேனுக்கு ஒத்துப்போகிறது' என்று ஒரு வரி வந்தது. தேன் என்றால் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். அரிசிப் பாகோடு கலந்த தேனிலும் 3.2 முதல் 4.2 வரை அதே சர்க்கரைக் கூட்டம்தான் நிற்கும். உண்மையான தேன் சோதனை என்பது ஆயிரக்கணக்கான அசல் தேன்களின் வரைபடங்களைச் சேர்த்து வைத்த தரவுத்தளத்தோடு நம் வரைபடத்தை ஒப்பிடுவது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 தேன் வகைகளை ஜெர்மனியில் சோதித்து, மூன்று மட்டுமே தேறின என்று வெளியிட்டதும் அந்த வகைச் சோதனையை வைத்துத்தான். தரவுத்தளம் இல்லாத இடத்தில் ஒற்றை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் 'ஒத்துப்போகிறது' என்ற சொல்லுக்கு நான் கொடுத்த தொகை வீண்.

இந்தச் சேவையிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. பற்பம், செந்தூரம் செய்பவர்கள் ஈயமும் பாதரசமும் இருக்கிறதா என்று பார்க்க இங்கே வரக்கூடாது. மூலிகைப் பொருள்களில் ஈயத்துக்கு 10 பிபிஎம், பாதரசத்துக்கு 1 பிபிஎம், ஆர்செனிக்குக்கு 3 பிபிஎம் என்ற வரம்புகளைப் பார்க்கவும், உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் ஐசிபி-எம்எஸ் போன்ற வேறு கருவி வேண்டும். மஞ்சள் தூளில் கலக்கும் ஈயக் குரோமேட்டையும் புரோட்டான் என்எம்ஆர் காணாது, அதில் ஹைட்ரஜனே இல்லை. ரானிடிடின் என்ற வயிற்று அமில மாத்திரையில் பேசப்பட்ட, புற்றுநோய் ஆபத்துள்ள என்டிஎம்ஏ என்ற மாசுக்கு நாளொன்றுக்கு 96 நானோகிராம் என்ற வரம்பு உண்டு; அந்த நுண்ணளவு இந்தக் கருவியின் பார்வைக்கு எட்டாது. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டபோது, என்எம்ஆரில் தெரிந்திருக்காதா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அத்தனை அளவு இருந்தால் இதிலும் தெளிவாகத் தெரியும். பார்ப்பதற்கு ஆள் வேண்டும். ஆனால் கிளிசரினில் அதற்குள்ள வரம்பு 0.1 சதவீதம், அதற்கென விதிக்கப்பட்ட சோதனை கேஸ் குரோமட்டோகிராபி. அதைத்தான் செய்ய வேண்டும்.

கட்டணத்துக்கு வருவோம். கருவிக்கூடத்தில் மாதிரி ஒன்றுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 1,770 ரூபாய் ஆனது. அளவறி பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால் அது மிக மலிவு. அறிக்கையாக வருவது வரைபடமும் நான்கு வரிக் கணக்கும் மட்டுமே; வாசிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் அது கோடு போட்ட காகிதம். உரிமம் சார்ந்த வேலைக்கு அதைக் காட்ட முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு அங்கீகாரம் பெற்ற மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். தனியார் ஆய்வகத்தில் 7,080 ரூபாய். வேகம், வீட்டுக்கே வந்து மாதிரி வாங்கும் வசதி, அழைத்தால் எடுக்கும் தொலைபேசி ஆகியவற்றுக்கான விலை அது. அவசரம் இல்லாத எவருக்கும் கருவிக்கூடத்தையே சொல்வேன்.

எங்கே கொடுத்தாலும், 'அளவறி முறையில்' என்ற சொல்லைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். துடிப்பு இடைவெளி எத்தனை வினாடி, தரப்பொருள் எது, அதன் தூய்மைச் சான்று உண்டா என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பிடிஎஃப்போடு கருவி தந்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பு கையில் இருந்தால் வேறு யாரிடமும் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொல்லலாம். எடுத்த இடைவெளியே தவறு என்றால் எந்த வாசிப்பும் அதைத் திருத்தாது, ஆனால் தவறு எங்கே என்பதாவது தெரியும்.

89.4 காட்டிய சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி வணிகருக்கு எழுதினேன். பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: நான் மகிழ்ச்சியில் அவருக்கு அனுப்பியிருந்த அதே 97.8 அறிக்கை, எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "நீங்களே குடுத்த ரிப்போர்ட் மேடம்" என்ற வரியோடு. அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகத் தனியார் ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி அனுப்பிய பிறகுதான் பணம் வந்து சேர்ந்தது. அதற்கு இன்னும் ஐந்து வாரம் ஆயிற்று.